ஆன்டிபயாடிக் கழிவை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடுமா? கேள்வி பதில்

கேள்வி (மாணவி, கோவை): நீரில் கலக்கும் ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பாக்டீரியாக்கள் தாமாகவே சிதைத்துவிடாதா?

பதில்: அது மருந்தைப் பொறுத்தது. பென்சிலின் வகைக்கு வீரியம் தரும் மூலக்கூறுப் பகுதியான பீட்டா-லாக்டம் வளையம் நீரிலேயே மெல்ல உடையும்; பாக்டீரியா நொதிகள் அதை விரைந்து உடைக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் எளிதில் சிதையாது. சுத்திகரிப்பு நிலையத்தில் அதன் பெரும்பகுதி கசடில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே "வெளியேறும் நீரில் மருந்து குறைந்தது" என்று அறிக்கை சொன்னால், கசடு எந்த வயலுக்குப் போகிறது என்று கேளுங்கள். ஹைதராபாத்தை அடுத்த பட்டான்சேருவில், ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவைப் பெற்ற பொது நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அங்கும் உயிரியல் சுத்திகரிப்புதான் நடந்தது.

கேள்வி (கோழிப்பண்ணையாளர், நாமக்கல்): எருவை மக்கவைத்தால் மருந்து போய்விடுமா ஐயா?

பதில்: அவசியம் மக்கவையுங்கள். குவியல் சூடேறும்போது டெட்ராசைக்ளின் நன்றாகவே குறையும். கோழிகளுக்குத் தரப்படும் என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கும், கோழியின் உடலுக்குள் அதிலிருந்து உருவாகும் சிப்ரோஃப்ளாக்சசினும் நெடுநாள் தங்கும். பட்டுப்போன மரத்தை அரிக்கும் குளியோஃபில்லம் ஸ்ட்ரையேட்டம் என்ற பூஞ்சை, கோதுமை வைக்கோலில் ஏற்றிய என்ரோஃப்ளாக்சசினில் ஏறத்தாழ பாதியை 8 வாரங்களில் கரியமில வாயுவரை சிதைத்திருக்கிறது. ஆனால் அது ஆய்வகக் குடுவையில் நடந்தது. பண்ணைக்கு அப்படியே பொருந்தாது.

கேள்வி (ஏரி பாதுகாப்புக் குழு, சென்னை): மருந்து தின்னும் பாக்டீரியாவை ஏரியில் விடலாமா?

பதில்: விடாதீர்கள். பல ஆண்டுகள் சல்ஃபா மருந்து இடப்பட்ட கனடா நிலத்தில் கிடைத்த மைக்ரோபாக்டீரியம் ஒன்று, சல்ஃபாமெதசினைப் பிளந்து ஒரு பாதியை உணவாக்குகிறது. மறுபாதி அப்படியே மிஞ்சுகிறது. சல்ஃபா மருந்தால் சாகாமல் காக்கும் எதிர்ப்பு மரபணுவும் அதனிடம் இருக்கிறது; அத்தகைய மரபணு மற்ற பாக்டீரியாக்களுக்கும் பரவக்கூடும். மருந்தைத் தின்ன வேண்டுமானால், முதலில் அந்த மருந்தில் உயிரோடிருக்க வேண்டுமல்லவா?

மறுப்பு (வேதியியல் ஆசிரியர், மதுரை): மருந்து குறைந்தால் எதிர்ப்பாற்றலுக்கான நெருக்கடியும் குறையும். நீங்கள் தேவையின்றி அச்சுறுத்துகிறீர்கள்.

பதில்: முதல் பாதி சரி, அதனால்தான் இந்தத் துறையில் உழைக்கிறேன். இரண்டாவதை ஏற்கமாட்டேன். டெட்எக்ஸ் என்ற நொதி டெட்ராசைக்ளினைச் சிதைக்கிறது. வேதியியல் கண்ணுக்கு அது சுத்திகரிப்பு. அதன் புதிய வடிவங்களுக்கான மரபணுக்கள், ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் பிளாஸ்மிட்டுகள் என்ற சிறு டிஎன்ஏ வளையங்களில் அமர்ந்து, கடைசிக் கையிருப்பு மருந்தான டிகெசைக்ளினையும் செயலிழக்கச் செய்வதை 2019இல் சீன ஆய்வாளர்கள் கண்டார்கள். கால்நடைகளிடமும் நோயாளிகளிடமும் அவை கிடைத்தன. ஆகவே மருந்தை மட்டும் அளந்தால் போதாது. எதிர்ப்பு மரபணுவையும் அளக்க வேண்டும்.

மறுப்பு (அதே ஆசிரியர்): அப்படியென்றால் உயிரியல் முறையே வேண்டாமா?

பதில்: வேண்டும்; ஆலை வளாகத்துக்குள், மூடிய கலனில். செல்களை விடுத்து, பிரித்தெடுத்த நொதியைப் பயன்படுத்தினால் மரபணு பரவும் வழி அடைபடும். வெளிவரும் நீரில் நனைத்த காகித வட்டை, ஈ.கோலை பாக்டீரியா பரப்பிய அகார் (ஊட்டக் கூழ்) தட்டில் வைத்து ஓரிரவு விடுங்கள். சுற்றிலும் தெளிந்த வளையம் தெரிந்தால் மருந்தின் வீரியம் மிஞ்சியிருக்கிறது. வளையம் இல்லாததை மட்டும் நம்பி நீரைத் திறந்துவிடாதீர்கள். மிகக் குறைந்த செறிவை இச்சோதனை காட்டாது.

கேள்வி (ஈரோடு): எந்த பாக்டீரியாப் பொடியைச் சாக்கடையில் போடலாம்?

பதில்: எதையும் போடாதீர்கள். ஏரிக் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி (திருச்சி): குளத்துக்கு என்ன பாக்டீரியா வாங்கலாம்?

பதில்: மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்: வாங்காதீர்கள்.

கேள்வி (சேலம்): தொண்டை வலிக்கு மீதமிருக்கும் அசித்ரோமைசினைச் சாப்பிடலாமா?

பதில்: மருத்துவரைக் கேளுங்கள். மீதியைக் கழிவறையிலும் கொட்டாதீர்கள்.

கேள்வி (வழக்கறிஞர், சென்னை): ஆலைக் கழிவில் ஆன்டிபயாடிக்குக்குச் சட்ட வரம்பு உண்டா?

பதில்: 2020 ஜனவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட வரைவில் வரம்புகள் இருந்தன, 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிக்கையில் அவை நீக்கப்பட்டிருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில் வழிகாட்டுதல் தந்திருக்கிறது, ஆனால் அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. அந்த வரம்புகளை மீட்க வழக்கறிஞர்கள்தான் முயல வேண்டும்.