சிந்துவெளி நாகரிகத்தை ஆண்ட மன்னரின் பெயர் என்ன?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு வரியில் சொன்னால், பெயர் தெரியாது. மொகஞ்சதாரோவில் கிடைத்த ‘பூசாரி அரசன்’ சிலையைக் காட்டி இவர்தான் மன்னர் என்று யாராவது சொன்னால் நம்பி எழுதிவிடாதீர்கள். 17.5 செ.மீ. உயரமுள்ள சிலை அது. பெயர் பிற்காலத்து ஆய்வாளர்கள் வைத்தது.

நான் வரலாறு படித்தவன் இல்லை, மளிகைக் கடைக்காரன். ஆனாலும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. மூன்று வருடம் முன்பு மகன் டெல்லியில் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனான். கூட்டமெல்லாம் நடனப் பெண் சிலையிடம் நின்றது. நான் எடைக்கற்கள் இருந்த பெட்டியை விட்டு நகரவில்லை. செர்ட் என்ற கடினமான கல்லில் வெட்டி, வழவழவென்று தேய்த்த கனசதுரங்கள். மிகச் சிறியது சுண்டுவிரல் நகத்தளவுதான்.

ஒரு கல்லைவிட அடுத்தது இரண்டு மடங்கு: 1, 2, 4, 8, 16, 32, 64. இதில் 16 மடங்குக் கல் சுமார் 13.7 கிராம். தராசு பிடித்தவனுக்கு இதன் அருமை உடனே தெரியும். 1, 2, 4, 8 என்று நாலே கல் இருந்தால் 1 முதல் 15 வரை எதையும் நிறுத்துவிடலாம்.

அப்பா காலத்து இரும்பு எடைக்கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும், அதில் ஈயம் ஊற்றி முத்திரை குத்தியிருப்பார்கள். முத்திரை இல்லாத கல்லை வைத்து நிறுத்தால் அபராதம். சிந்துவெளிக் கற்களில் பொதுவாக ஒரு கீறல்கூடக் கிடையாது. ஆனால் ஹரப்பாவில் உள்ள அதே அளவுதான் குஜராத்தின் லோத்தலிலும். அத்தனை ஊர்க் கடைகளையும் யார் சரிபார்த்தார்கள்? இன்றைய இராக்கின் தெற்கே இருந்த சுமேரியாவில் கி.மு. 2100 வாக்கில் ஆண்ட மன்னன் ஊர்-நம்மு, எடைகளை ஒழுங்கு செய்ததைத் தன் சட்டத்தின் முன்னுரையிலேயே பெருமையாகச் சொல்லிக்கொண்டான். அவன் மகன் சுல்கியின் பெயர் பொறித்த எடைக்கல்லே கிடைத்திருக்கிறது. இங்கே அப்படி ஒரு பெயரும் இல்லை. எழுத்து இருக்கிறது, படிக்க முடியவில்லை. படிப்பவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது.

உடனே சண்டைக்கு வரவேண்டாம். மன்னரே இல்லை என்று நான் சொல்லவில்லை. வணிகர்கள் கூடி ஆண்டிருக்கலாம், ஊருக்கொரு தலைவர் இருந்திருக்கலாம். பெயரை மட்டும் யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

எடை என்றதும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் தராசுக்கு ஒழுங்காக முத்திரை போட்டு வைத்திருக்கிறேன். கம்பெனிக்காரர்கள் பிஸ்கட் பாக்கெட்டை அதே விலையில் வைத்துக்கொண்டு எடையை மட்டும் குறைக்கிறார்கள். புது எடையைப் பொடி எழுத்தில் போட்டுவிடுகிறார்கள், அவர்கள் அளவில் சட்டப்படி சரி. போன வாரம் ஓர் அம்மா பழைய கவரையும் புதுப் பாக்கெட்டையும் கொண்டுவந்து கல்லா மேல் வைத்து, "என்னண்ணே, இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டார். பாக்கெட்டைத் திருப்பி எடையைக் காட்டினேன். அவர் எண்ணைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.