அமெரிக்க விசா நேர்காணல்: ஆத்தாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்றால்

அண்ணே, காரைக்குடியிலிருந்து ஆத்தா டல்லாஸில் இருக்கும் மகளின் பிள்ளைப்பேறுக்குப் போகணும், இங்கிலீஷ் தெரியாது, பாஸ்போர்ட்டில் சர்நேம் காலின்னு எழுதியிருக்கீங்க. மொழியை விடுங்க. சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் தமிழிலேயே பேசலாம். டிஎஸ்-160இல், அதாவது ஆன்லைன் விசா விண்ணப்பத்தில், பேசும் மொழியாகத் தமிழைக் குறிச்சுடுங்க.

பெயரில்தான் கவனம். சர்நேம் காலியா இருந்தா, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அப்படியே சர்நேம் கட்டத்தில் போட்டு, கிவன் நேமில் எஃப்என்யு (FNU, முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்று போடணும். அப்பச்சி (அப்பா) பெயரை நீங்களா சேர்க்காதீங்க.

"எதுக்குப் போறீங்க?"ன்னு கேட்டா ஆத்தா "பிள்ளையைப் பார்த்துக்கப் போறேன்" என்பாக. நமக்கு அது பாசம். அதிகாரி காதில் சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கும் வேலைன்னு விழலாம். உள்ளதைச் சொல்லட்டும்: மகளோட இருக்க, பேரப்பிள்ளையைப் பார்க்க, இத்தனை மாசம், செலவு யாரு, இங்கே திரும்பி வர யாரு, என்ன இருக்கு.

சொத்துக் காட்டணும்னு, பங்காளிகளோட பொதுவா இருக்கிற பெரிய வீட்டுக்கு மதிப்பீட்டுச் சான்று வாங்கிக் காசைக் கரைக்காதீங்க, பெரும்பாலும் கேட்கவே மாட்டாங்க. திரும்பி வருவாகன்னு அதிகாரிக்கு நம்பிக்கை வரலைன்னு 214(பி) சட்டப்பிரிவில் மறுத்தா மேல்முறையீடு இல்லை. மறுபடி பணம் கட்டி விண்ணப்பிக்கணும். கைரேகைக்குத் தனி நாள், செல்போனுக்கு உள்ளே அனுமதி இல்லை.