மங்கு மணியும் தாத்தா கட்டிய கம்பியும்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவன் நான். இப்போது வீட்டுக்குப் பின்னால் மிளகாய், கத்தரி, கொஞ்சம் கோழி. 7 வயதுப் பேத்தி, ரப்பர் பால் பிடிக்கிற பழைய பீங்கான் மங்குகளை வெங்காய வலைப்பையில் போட்டுக் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டு, குருவி விரட்ட மணி செய்தாள். பெருமை தாங்காமல் எல்லாருக்கும் வீடியோ அனுப்பினேன், வந்தவர்களுக்கெல்லாம் காட்டச் சொன்னேன். கயிறு தொய்ந்திருந்தது, கம்பி போட்டு இழுத்துக் கட்டினேன். இப்போது அவள் அந்தப் பக்கமே போவதில்லை, குருவி திரும்ப வருகிறது. "நீங்கதான் ஏத்திவிட்டுக் கெடுத்தீங்க மாமா" என்கிறாள் மருமகள். நான் செய்தது தப்பா?

பதில்: ஐயா, பெருமைப்பட்டதில் தப்பே இல்லை. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மர நிரைக்குப் போய் மங்கு துடைத்த கை உங்களுடையது, அதே மங்கை ஒரு பிள்ளை மணியாக ஆட்டிவிட்டால் யாருக்குத்தான் மனசு நிற்கும்?

ஆனால் போகிற போக்கில் கம்பியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, என் கண் அங்கேயே நின்றுவிட்டது. அந்தத் தொய்வுதான் ஐயா விஷயமே! தொய்ந்து தொங்கினால்தான் லேசான காற்றுக்கும் மங்கோடு மங்கு மோதிச் சத்தம் வரும், விறைப்பாக இழுத்துக் கட்டினால் எங்கே ஆடும்? குருவி ஏன் திரும்ப வருகிறது என்று இப்போது தெரிகிறதா. (பறவைக்கு மிளகாய்க் காரம் உறைக்காது, அதனால் பழுத்ததைக் கண்டால் விடாது.) நல்லதுக்குத்தான் செய்தீர்கள், ஆனால் அவளுடையதை உங்களுடையதாக ஆக்கிவிட்டீர்கள், அதுவும் ஊமையாக. என் அப்பாவும் இப்படித்தான், நான் செய்த பட்டத்துக்கு வால் "சரி" பண்ணிக் கொடுப்பார், அப்புறம் அது பறந்ததே கிடையாது.

மருமகள் சொல்வதில் பாதி சரி. வந்தவர்களுக்கெல்லாம் செய்து காட்டச் சொன்னால் விளையாட்டு வேலையாகிவிடும். "என் பேத்தி பெரிய கெட்டிக்காரி" என்று நாலு பேர் முன்னால் சொன்னாலோ, அடுத்தது சரியா வராவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் வந்துவிடும். அதைவிட அவள் செய்ததைப் பற்றிக் கேளுங்கள். மங்கில் ஓட்டை இல்லையே, வலைப்பையில் போட்டுத் தொங்கவிட எப்படித் தோன்றியது? எனக்கே அது தெரிய வேண்டும்.

நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது வேறு. மங்கு வாய் மேலே பார்த்தால் மழைத் தண்ணீர் தேங்கும், ஒரு வாரம் போதும், ஏடிஸ் கொசு பிறந்துவிடும், அதனால் கவிழ்த்துத் தொங்கவிட வழி அவளையே கேளுங்கள். அப்புறம், புல்லுக்கு மருந்தடித்த பழைய கலன் எதுவும் அவள் கைக்கு எட்டக்கூடாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020-ல் இங்கே தடை செய்தாயிற்று, ஆனாலும் ஸ்டோர் மூலையில் பழையது கிடக்கிற வீடுகள் உண்டு, எவ்வளவு கழுவினாலும் அது விளையாட்டுச் சாமான் ஆகாது. ரப்பர் கொட்டை பொறுக்கி விளையாடட்டும், வாயில் மட்டும் வைக்கக்கூடாது, பச்சையாக விஷம்.

பள்ளி விடுமுறையில் கோலகங்சாருக்கு ஒரு நடை கூட்டிப் போங்கள். 1877-ல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. முப்பது வருஷம் வெட்டிய கதையை அங்கே நின்று சொல்லுங்கள், அவள் கேட்டால் மட்டும்.

அதற்கு முன்னால் அந்தக் கம்பியை அவிழ்க்க வேண்டும். அவள் பக்கத்தில் இருக்கும்போது அவிழுங்கள். "தாத்தா கட்டினதுல சத்தமே வரல, நீ எப்படிம்மா கட்டியிருந்தே?" என்று கேட்டுவிட்டுக் கயிற்றை அவள் கையில் கொடுங்கள். கைப்பேசி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.