பழைய வரைபடத்தில் நீளமாக இருக்கும் தாய்லாந்தின் நோங் காய் மாகாணம், புதிய வரைபடத்தில் பாதியாகச் சுருங்கியது ஏன்?

இரண்டு வரைபடமும் சரிதான். 2011 மார்ச் 23 அன்று நோங் காயின் கிழக்குப் பக்கத்து 8 மாவட்டங்களைப் பிரித்து, புவெங் கான் என்று தனி மாகாணம் ஆக்கிவிட்டார்கள். மொத்தம் 17 மாவட்டங்களில் நோங் காய்க்கு மிஞ்சியது 9.

அது ஏன் முதலில் அவ்வளவு நீளமாக இருந்தது என்பதற்கு 19ஆம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். 1827இல் சியாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) படைகள், இன்று லாவோஸின் தலைநகராக இருக்கும் வியன்டியானை அழித்த பிறகு, அந்த வட்டாரத்தை ஆள நிறுவப்பட்ட ஊர் நோங் காய். அப்போது மேகாங் ஆறு எல்லை கிடையாது. இரு கரையும் சியாமின் பிடியில்தான். 1893இல் பிரெஞ்சுக்காரர்கள் போர்க்கப்பலோடு வந்து மிரட்டி, இன்றைய லாவோஸ் இருக்கும் இடது கரையை வாங்கிக்கொண்டார்கள். அதோடு விடவில்லை. வலது கரையிலும் 25 கிலோமீட்டர் அகலத்துக்குச் சியாம் படை வைக்கக்கூடாது என்று ஒப்பந்தம். நோங் காயில் இருந்த அரச ஆணையர் இளவரசர் பிரசக், வேறு வழியில்லாமல் படையையும் அலுவலகத்தையும் தெற்கே ஐம்பது கிலோமீட்டர் தள்ளி பான் மாக் கெங் என்ற கிராமத்துக்கு மாற்றினார். அந்தக் கிராமம்தான் இன்றைய உதோன் தானி நகரம். ஒரு பிரதேசத்தின் நடுவில் இருந்த நோங் காய் ஒரே ஒப்பந்தத்தில் ஓரத்து ஊராகிவிட்டது. இந்த வட்டாரத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறது.

இப்படி எல்லையோரமாகிவிட்ட நோங் காய் மாகாணம் 300 கிலோமீட்டருக்கு மேல் ஆற்றங்கரையோடு ஒட்டிக் கிடந்தது. 212ஆம் எண் சாலையில் நோங் காயிலிருந்து கிழக்கே போனால் அந்த நீளம் உடம்புக்கே புரியும். இடது பக்கம் அவ்வப்போது மேகாங். கோடையில் நீர் வற்றியதும் கரைச்சரிவின் வண்டலில் காய்கறி போட்டிருப்பார்கள். வலது பக்கம் ரப்பர்த் தோட்டங்கள். கப்பில் உறைந்த ரப்பர்க் கட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி முன்னால் போனால், அந்தப் புளித்த வாடை கிலோமீட்டர் கணக்கில் நம்மை விடாது.

அடையாள அட்டை, வீட்டுப் பதிவேடு போன்ற அன்றாட வேலைகள் மாவட்ட அலுவலகத்திலேயே, அதாவது ஆம்ஃபோவிலேயே முடிந்துவிடும். மாகாணத் தலைமையகத்தில் வேலை என்றால்தான் பாடு. புவெங் கானிலிருந்தே நோங் காய் 130 கிலோமீட்டருக்கு மேல். இன்னும் கிழக்கே புவெங் கோங் லோங் பக்கத்து விவசாயிக்கு ஒரு நாள் கூலி போய்விடும். தனி மாகாணக் கோரிக்கை 1994இலேயே நாடாளுமன்றத்தில் எழுந்தது. செலவு அதிகம் என்று உள்துறை அமைச்சகம் தட்டிக்கழித்தது. கிடைக்க 17 ஆண்டுகள் ஆயின.

இது புதிய வழக்கமும் அல்ல. இதே ஆற்றங்கரையில் 1982இல் நாக்கோன் பனோமிலிருந்து முக்தஹான் பிரிந்தது. 1993இல் கம்போடிய எல்லையில் சா கேவ் பிரிந்தது. கீழ்மட்டத்திலும் இப்படித்தான்: மக்கள் பெருகிய இடத்தில் முதலில் துணை மாவட்டம் ஒன்றை வைப்பார்கள், பின்னால் முழு மாவட்டமாக்குவார்கள். நாடெங்கும் மிச்சமிருந்த 81 துணை மாவட்டங்களையும் 2007இல் ஒரே அடியாக முழு மாவட்டங்களாக்கிவிட்டார்கள்.

புதிய மாகாணம் என்றாலே வீண் செலவு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மியன்மார் எல்லையில் தாக் மாகாணத்தைப் பாருங்கள். அங்கே உம்பாங் மாவட்டத்துக்காரர் மாகாணத் தலைநகருக்குப் போக, முதலில் 1,219 வளைவுகள் கொண்ட மலைச்சாலையில் மே சோட் வர வேண்டும். அங்கிருந்து இன்னொரு மலைத்தொடரைத் தாண்ட வேண்டும். மே சோட்டைத் தனி மாகாணமாக்கச் சொல்லிப் பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். அந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது என்றே நினைக்கிறேன்.