பத்து மணிக்கு மூடிக்கொள்ளும் அல்லியை வரைவது எப்படி?

கேள்வி: பெரம்பூரில் மொட்டை மாடித் தொட்டியில் வெள்ளை அல்லி வளர்க்கிறேன். பழைய தாவரவியல் ஓவியங்களைப் போல வரைய ஆசை. காலை பத்து மணிக்குள் பூ மூடிவிடுகிறது. வெள்ளைத் தாளில் வெள்ளை இதழும் எடுபடவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்களிடம் இருப்பது இரவில் மலரும் ஆம்பல், பெரும்பாலும் நிம்பேயா பியூபெசென்ஸ் என்ற இனம். இலை விளிம்பில் பல் பல்லாகவும், அடிப்பக்கத்தில் மென்மயிரோடும் இருந்தால் அதுவேதான். பொழுது சாய்ந்தபின் விரிந்து மறுநாள் முற்பகலில் கூம்பும். எனவே விடிந்ததும் தூரிகையை எடுங்கள். இரவில் மஞ்சள் விளக்கின் கீழ் நிறம் கலந்தால் காலையில் எல்லாம் தப்பாகத் தெரியும்.

பழைய படம் எதுவும் ஒரே உட்காரலில் பார்த்த ஒரே பூ அல்ல. 19ஆம் நூற்றாண்டில் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக வரைந்த ரங்கையா, கோவிந்து ஆகியோரின் படங்களில் செடி மேலே, பிளந்த பூவின் உறுப்புகள் கீழே என்று ஒரே தாளில் சேர்ந்திருக்கும். நீங்களும் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே பூ மூன்று நான்கு நாள் திரும்பத் திரும்ப விரியும். முதல் முறை விரியும்போது நடுக்கிண்ணத்தில் நீர் தேங்கி, மகரந்தத் தாள்கள் நிமிர்ந்து நிற்கும். அடுத்த நாள் அவை உள்ளே வளைந்து கிண்ணத்தை மூடிவிடும். முதல் நாளே பூவை முடித்துவிடுங்கள். இலை காத்திருக்கும். பறித்த பூதான் கையில் இருக்கிறதென்றால், உருக்கிச் சற்று ஆறவிட்ட மெழுகை இதழ்களின் அடியில் சொட்டுச் சொட்டாக விடுங்கள், கூம்பாது.

வெள்ளைக்கு வழி, பூவின் பின்னால் கரும்பச்சை இலையைக் கொண்டுவருவது. இதழ் நிழலுக்கு அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்த, தண்ணீர் போன்ற சாம்பல் போதும். கருப்பைத் தொடாதீர்கள், அழுக்காகிவிடும். ஓர் இலையை மடித்து அடிப்பக்கத்தையும் காட்டுங்கள். அளவு இயற்கை அளவே; இலை தாளை மீறினால் பாதியைப் பூவுக்குப் பின்னால் மறைக்கலாம், சுருக்கக் கூடாது.

நீர்வண்ணத் தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்), ஹாட் பிரஸ், அதாவது வழவழப்பான பரப்பு. விலை குறைவென்று ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அட்டையை வாங்கிவிடாதீர்கள். பளபளப்புப் பூச்சு நீரை உறிஞ்சாது. கடற்காற்று ஈரத்தில் வண்ணம் மெதுவாகத்தான் காயும். அரைகுறை ஈரத்தின் மேல் அடுத்த பூச்சு போட்டால் காலிஃபிளவர் மாதிரி கறை விரியும். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை.

உறுப்புகளுக்குப் புது பிளேடால் பூவை நெடுக்காகப் பிளந்து ஈரத்துணியில் வையுங்கள். வெட்டுவாய் சீக்கிரம் பழுப்பாகும் என்பதால் நிறத்தை முதலில் குறித்துவிடுங்கள். இலைக்காம்பைக் குறுக்கே வெட்டி, பெரிய காற்றுக்குழல் எத்தனை, சிறியது எத்தனை என்று எண்ணி வரையுங்கள். இனத்தை அடையாளம் காண அதுவும் உதவும்.

படத்தில் காயும் வேண்டுமென்றால் வேறொரு பூவை விட்டுவையுங்கள். கடைசியாகக் கூம்பியதும் அது நீருக்குள் இறங்கிவிடும். காம்பில் நூல் கட்டி, காயை வலைத்துணிப் பையால் மூடுங்கள். பழுத்து வெடித்தால் விதைகள் மிதந்து சிதறிவிடும்.