அம்மாவின் மாத்திரைச் செலவு பில்லின் எந்த வரியில் இருக்கிறது?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. சுகர், பி.பி. இரண்டும் உண்டு. பத்து வருடமாகத் தெருமுனை கிளினிக்கில்தான் காட்டுகிறோம். மாத்திரைக்கு மட்டும் மாதம் 2,800 ரூபாய் ஆகிறது. அதே மருந்தை மலிவான கம்பெனியில் மாற்றித் தரச் சொல்லி கடையில் கேட்கலாமா?

பதில்: சீட்டையும் பில்லையும் சேர்த்து அனுப்பியது நல்லதாயிற்று. சீட்டில் ஏழு மருந்துகள் இருந்தாலும் செலவு ஏழிலும் பரவியில்லை. சுகருக்கான மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, பி.பி.க்கான டெல்மிசார்டன், கொழுப்புக்கான அடோர்வாஸ்டாடின் நான்கும் சேர்ந்தே பில்லில் சின்னத் தொகைதான். இவை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. உச்ச விலையை அரசு நிர்ணயிக்கிறது.

பணம் போவது எம்பாக்ளிஃப்ளோசின் என்ற இன்னொரு சுகர் மாத்திரைக்கு. மாத்திரை ஒன்று 58 ரூபாய் என்று பில் சொல்கிறது; மாதத்துக்கு 1,740. இந்த மருந்தின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்துவிட்டது. அதன்பின் பல கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கி, 10, 15 ரூபாய்க்கே கிடைக்கிறது. உங்கள் சீட்டில் மட்டும் பழைய பிராண்ட் பெயரே மாதாமாதம் தொடர்கிறது. டாக்டரை உடனே சந்தேகிக்காதீர்கள். கம்பெனிப் பிரதிநிதிகளின் தாக்கம் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நெரிசலான கிளினிக்கில் ‘அதையே தொடருங்கள்’ என்று எழுதுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. நோயாளி விலையைச் சொல்லாதவரை டாக்டருக்கு அது தெரியவும் வாய்ப்பில்லை.

கடைக்காரரிடம் மாற்றித் தரச் சொல்லாதீர்கள். சீட்டில் பிராண்ட் பெயர் இருந்தால் இந்த வகை மருந்துகளுக்கு வேறொன்றைக் கொடுக்க அவருக்குச் சட்டத்தில் இடமில்லை. டாக்டரிடமே, ‘பிராண்ட் பெயருக்குப் பதில் மருந்தின் பெயரை எழுதித் தாருங்கள் டாக்டர், முதல்வர் மருந்தகத்தில் வாங்கிக்கொள்கிறோம்’ என்று கேளுங்கள். முதல்வர் மருந்தகம் என்பது தமிழக அரசின் மலிவு விலை மருந்துக் கடை. தயங்கவே வேண்டாம்.

அப்புறம், கேஸ் மாத்திரையும் நரம்பு மாத்திரையும். கேஸ் மாத்திரையான பான்டோபிரசோலை எப்போது, எதற்காக ஆரம்பித்தது என்று கேளுங்கள். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கு அது தேவைப்படலாம். அம்மா சீட்டில் ஆஸ்பிரின் இல்லை. நரம்பு மாத்திரை விஷயம் கொஞ்சம் வேறு. அதில் பெரும்பாலும் பி12 வைட்டமின் இருக்கும். மெட்ஃபார்மினை நீண்ட நாள் சாப்பிட்டால் பி12 குறையலாம். அதனால் அது வீண் என்று ஒதுக்கிவிட முடியாது. ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துவிட்டு டாக்டர் முடிவு செய்யட்டும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பிராண்ட் பெயரை விடுங்கள், பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் சீட்டோடு பொருந்த வேண்டும். அம்மா சாப்பிடுவது ‘மெட்ஃபார்மின் 500 எஸ்.ஆர்.’ அது மெதுவாகக் கரையும் மாத்திரை. எஸ்.ஆர். இல்லாத மெட்ஃபார்மினைக் கொடுத்தால் வாங்காதீர்கள், விலை குறைவாக இருந்தாலும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பி.பி. மாத்திரைகளை வீட்டுக்கே இலவசமாகக் கொண்டுவந்து தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிவு செய்யக் கேளுங்கள். அங்கே கிடைக்காதவற்றை மட்டும் வெளியில் வாங்கினாலும் போதும்.

மாற்றிய முதல் மாதம் வாரம் இருமுறை வெறும் வயிற்றில் சுகரும், பி.பி.யும் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது அந்த நோட்டையும் காலி அட்டைகளையும் டாக்டர் மேஜையில் வையுங்கள்.