ஹைபிரிட் பேட்டரி போச்சாம், வண்டிய என்ன பண்றது? – இந்த வாரக் கேள்வி பதில்

இந்த வாரம் வந்த லெட்டர்ல பாதிக்கு மேல, பெட்ரோலும் பேட்டரியும் சேந்து ஓடற ஹைபிரிட் கார் பத்திதான். 2011லருந்து 2013 கடைசி வரைக்கும் 2,000 சிசிக்குக் கீழ உள்ள ஹைபிரிட்டுக்கு மலேசிய அரசாங்கம் இறக்குமதி வரி, கலால் வரி ரெண்டையும் எடுத்து விட்டுச்சு, ஞாபகம் இருக்கா? அப்ப நம்ம சுங்கை சிப்புட்ல டீச்சருங்க, எஸ்டேட் கிராணிங்கன்னு நெறைய பேரு வாங்கினாங்க. இப்ப அந்த வண்டிங்களுக்கெல்லாம் ஒண்ணா வயசாகுது. லெட்டர வெட்டிச் சுருக்கினது நான்தான், கார் பேரு கடை பேரு எல்லாம் எடுத்துட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, என் ஹைபிரிட் 2012 மாடல், 2 லட்சத்து 30 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிருச்சு. தினம் ஈப்போ ஸ்கூலுக்குப் போய் வரேன். போன மாசம் வார்னிங் லைட் எரிஞ்சது, போமன் (மெக்கானிக்) ஹைபிரிட் பேட்டரி போச்சுன்றாரு. புதுசு 6,800 வெள்ளி (ரிங்கிட்), ரிகோன், அதாவது பழச சரி பண்ணினது, 2,500 வெள்ளியாம். ரெண்டு வருஷத்துல ஏற்கனவே 5,000 செலவு பண்ணிட்டேன், இப்ப விட்டா அதெல்லாம் வீணாப் போயிடுமே? ஒருத்தர் வண்டிய 8,000க்குக் கேக்கறாரு.

பதில்: அந்த 5,000த்த மறந்துடுங்க டீச்சர். வண்டிய வெச்சிருந்தாலும் அது வராது, வித்தாலும் வராது.

மொதல்ல, போமன் சொன்னாருன்றீங்களே, ஸ்கேனர் போட்டுப் பாத்தாரா, இல்ல லைட்டப் பாத்தே சொல்லிட்டாரா? டொயோட்டா ஹைபிரிட்ல பேட்டரி நெஜமாவே சோர்ந்து போனா ஸ்கேனர்ல பி0ஏ80 (P0A80)ன்னு ஒரு பிழைக் கோட் வரும். எந்த வண்டியா இருந்தாலும் கோட் நம்பர பேப்பர்ல எழுதி வாங்குங்க. அப்பறம் பின் சீட்டுப் பக்கம் பேட்டரிக்குக் காத்து இழுக்கற ஓட்டை இருக்கும், அதத் தொறந்து பாக்கச் சொல்லுங்க. எஸ்டேட் ரோட்டு செம்மண்ணும் பூனை முடியும் அடைச்சு, பேட்டரி வெந்து போயிருக்கும். அத சுத்தம் பண்ணாம புது பேட்டரி போட்டா அதுவும் அதே கதிதான்.

இப்ப கணக்கு. மாசம் 1,500 கிலோமீட்டர் ஓடறீங்கன்னு வெச்சுக்குவோம். ஹைபிரிட் லிட்டருக்கு 20 கொடுத்தா 75 லிட்டர், சாதா கார் 14 கொடுத்தா 107 லிட்டர். வித்தியாசம் 32 லிட்டர், லிட்டர் 1.99 வெள்ளின்னு வெச்சா ஏறக்குறைய 64 வெள்ளி. வருஷத்துக்கு 770 கூட வரல. அதனால "பெட்ரோல் எண்ண மிச்சமாகுதே"ன்னு 6,800 போடறதுல அர்த்தமே இல்ல, அந்தக் காசு திரும்ப வர ஒம்பது வருஷம் ஆகும். ஆனா இன்னொரு பக்கம் பாருங்க, இத வித்துட்டு லோன் போட்டு வேற கார் எடுத்தா மாசம் 600ன்னாலும் வருஷத்துக்கு 7,200. ஒரு பேட்டரி விலை ஒரு வருஷ லோனுக்குள்ள அடங்கிருது. எண்ணக் கணக்க விடுங்க, லோன் கணக்குதான் உங்களுக்குக் கணக்கு.

ஆனா மிச்ச வண்டி நல்லா இருக்கணும். கூலன்ட் (எஞ்சின் சூட்டத் தணிக்கற தண்ணி) எங்கயும் ஒழுகாமலே குறையுதா, காலையில ஸ்டார்ட் பண்ணும்போது எஞ்சின் உதறுதா, பிரேக் பம்ப் நிமிஷத்துக்கொரு தடவை உர்ருன்னு கத்துதா, இதுல ஏதாவது ரெண்டு இருந்தா 8,000த்த வாங்கிட்டுக் கும்பிடு போடுங்க. ஒண்ணும் இல்லன்னா புது பேட்டரி போட்டு நாலு வருஷம் ஓட்டுங்க. விக்கறதா இருந்தா அப்படியே வித்துடுங்க, பேட்டரி மாத்தி அழகு பண்ணி விக்காதீங்க, போட்ட காசு விலையில ஏறாது.

ரிகோன் பத்திக் கீழ திட்டிருக்கேன், படிங்க.

கேள்வி: சிகரெட் லைட்டர் ஓட்டையில சொருகினா எண்ண 30 பர்சன்ட் மிச்சம்னு பசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தையில) ஒண்ணு விக்கறாங்க. ஹைபிரிட்டுக்கும் ஆகுமா?

பதில்: எதுக்கும் ஆகாது. நான் 38 வெள்ளி குடுத்து வாங்கி ஒடச்சுப் பாத்தேன், உள்ள ஒரு பச்சை லைட்டு இருந்துச்சு.

கேள்வி: அக்கா, ரிகோன் ஹைபிரிட் பேட்டரி 2,300 குடுத்துப் போட்டேன். ஆறு மாசம் வாரண்டின்னு வாயால சொன்னாங்க. ரெண்டாவது மாசமே லைட் வந்துருச்சு. கடையில போய்க் கேட்டா "நீங்க தோட்டத்து ரோட்டுல ஓட்டறீங்க, வாரண்டி கெடையாது"ன்றாங்க. நான் தோட்டத்துலதான் இருக்கேன், பறந்தா வர முடியும்? ரசீதுல "பேட்டரி 1"ன்னு மட்டும் இருக்கு.

பதில்: தம்பி, தப்பு உங்க மேல இல்ல. ஸ்பேர்பார்ட் கடை கவுண்டர்ல 19 வருஷம் நின்னவ நான், நானே 2019ல வீட்டுக்காரர் வண்டிக்கு இதே மாதிரி ஒண்ணு வாங்கி அஞ்சு மாசத்துல மண்ணாப் போச்சு, என் ரசீதுலயும் "பேட்டரி"தான். 1,800 வெள்ளி. வெக்கத்துல அத வெளிய சொன்னதே இல்ல.

இந்த ரிகோன்ற வார்த்தையே எனக்குப் புடிக்காது. பிரியஸ் மாதிரி வண்டில பேட்டரி ஒரே பெட்டி இல்ல, உள்ள 28 மாட்யூல், அதாவது சின்னச் சின்னப் பேட்டரி, வரிசையா இருக்கு, ஒவ்வொண்ணும் 7.2 வோல்ட், மொத்தம் 201.6. பத்து பேரு வரிசையா நின்னு தண்ணி வாளிய கைமாத்தறப்ப ஒருத்தன் கை ஓஞ்சா மொத்த வரிசையும் நின்னுரும்ல, அதே மாதிரிதான். கடைக்காரங்க என்ன பண்றாங்கன்னா, ஓஞ்ச ரெண்ட எடுத்துட்டு இன்னொரு பழைய வண்டியோட ரெண்ட சொருகி லைட்ட அணைச்சுக் குடுத்துடறாங்க. மிச்சம் 26ம் அதே பழைய கெழடுங்க, அடுத்த மாசம் அதுல ஒண்ணு படுக்கும். சிலர் நேர்மையா எல்லாத்தையும் சார்ஜ் ஏத்தி எறக்கி அளந்து, ஒத்த பலம் உள்ளதாப் பாத்துச் சேக்கறாங்க, அதுக்குக் காசு குடுக்கலாம். ஆனா ரெண்டுக்கும் ஒரே பேரு, ரிகோன்! அதனால காசு எண்றதுக்கு முன்னாடி ரசீதுல எத்தன மாட்யூல் மாத்துனது, வாரண்டி எத்தன மாசம், கூலி சேத்தா சேக்காமலா, பழைய பேட்டரிக்கு எவ்வளவு கழிச்சீங்க, எல்லாத்தையும் எழுதச் சொல்லணும். எழுத மாட்டேன்னா வண்டிய ஏத்திட்டு வந்துடணும், டோயிங் காசு போனாப் போவுது.

உங்களுக்கு வழி இருக்கு. 1999 பயனீட்டாளர் (நுகர்வோர்) பாதுகாப்புச் சட்டப்படி விக்கற சாமான் ஏத்துக்கற தரத்துல இருக்கணும், வாரண்டின்னு எழுதலன்னாலும் அந்தப் பொறுப்பு கடைக்கு உண்டு. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல 5 வெள்ளி கட்டி போராங் 1 (புகார் பாரம்) குடுங்க. 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், மூணு வருஷத்துக்குள்ள போடணும், லாயர் வேண்டியதில்ல. அந்த "தோட்டத்து ரோடு" பேச்ச வாட்ஸ்அப்ல திரும்பக் கேட்டு எழுத்துல பதில் வாங்கி வெச்சுக்குங்க. வேற கடையில ஸ்கேன் பண்ணி அந்தப் பேப்பரையும் சேருங்க. என்ன ஆச்சுன்னு எனக்குக் கண்டிப்பா எழுதணும்.

கேள்வி: வாட்ஸ்அப்ல படம் பாத்து 2011 ஹைபிரிட் வாங்கிட்டேன். விக்கற ஆளு "பேட்டரி புதுசு மாத்தியாச்சு"ன்னாரு. இன்ஸ்பெக்‌ஷன் பாஸ். இப்ப ஸ்டார்ட்டே ஆகல, அவரு போனும் எடுக்கல. தீர்ப்பாயத்துக்குப் போகலாமா?

பதில்: போக முடியாது. அது வியாபாரம் பண்றவங்க மேலதான், தனி ஆளு மேல இல்ல. ஓட்டிப் பாக்கல, பேட்டரி மாத்துன ரசீது கேக்கல, மீன் வாங்கினாலே செவுளத் தூக்கிப் பாப்பீங்களே அண்ணே? இன்ஸ்பெக்‌ஷன்ல எஞ்சின் நம்பர் சேசிஸ் நம்பர் பாப்பாங்க, ஹைபிரிட் பேட்டரியில எவ்வளவு உயிர் இருக்குன்னு பாக்க மாட்டாங்க.

சரி, ஒரு விஷயம். சின்ன 12 வோல்ட் பேட்டரிய மொதல்ல அளந்து பாருங்க. அது செத்தாலும் ஹைபிரிட் கண்ணு முழிக்காது, கண்ட கண்ட லைட்டும் எரியும். அதுவா இருந்தா சில நூறு வெள்ளியோட தப்பிச்சீங்க. அதுவா இருக்காதுன்னுதான் தோணுது, ஆனாலும் பாருங்க.

கேள்வி: கழட்டுன பழைய ஹைபிரிட் பேட்டரி கோழிக் கூண்டுகிட்ட கெடக்கு. பழைய இரும்புக்காரர் 50 வெள்ளின்றாரு. பையன் பிரிச்சு உள்ள இருக்கறத எடுக்கலாம்னு சொல்றான்.

பதில்: பையன அந்தப் பக்கமே விடாதீங்க, வண்டியிலருந்து எறக்கிட்டாலும் உள்ள சார்ஜ் இருக்கும், சில வண்டில 200 வோல்ட் கிட்ட வரும். 50க்கும் குடுக்காதீங்க. ரிகோன் பண்றவங்களுக்கு அந்தப் பெட்டிதான் சரக்கே, ரெண்டு மூணு கடையில வெல கேளுங்க. அதுவரைக்கும் மழை படாத எடத்துல வைங்க, கோழிய வேணா மாத்துங்க.